கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்கும் பயணம்

ஏரியூரில் பயணக் கணக்கு பின்னாலிருந்துதான் தொடங்கும். எப்போது கிளம்புகிறோம் என்பதைவிட, திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே முதல் கேள்வி. பென்னாகரத்தில் அதை விட்டுவிட்டால் அன்றிரவு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைதான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. தண்டவாளத்தைப் பார்க்கவே பென்னாகரத்தில் பஸ் மாறி தருமபுரிக்குப் போகவேண்டும்.

இந்த ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு, அதுவும் தனியாக, ரயிலிலேயே மலை பார்க்கப் போகிறேன் என்றபோது அம்மா நிதானமாகக் கேட்டாள்: "கூட யாரு வர்றாங்க?"

"யாருமில்லம்மா."

"ரயிலு ஏறவே ரெண்டு பஸ்ஸு மாறணும் நமக்கு. அந்தூர்ல மாறத் தெரியுமா உனக்கு?"

மாறுவது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

முதலில் போட்ட திட்டம் எல்லோரும் போடுவதுதான். சுவிட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 8 மணி நேரம் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ். வழியில் 91 குகைப்பாதைகள், 291 பாலங்கள். நார்வேயில் 20 கிலோமீட்டருக்குள் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும் ஃபிளோம் ரயில். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அம்புக்குறி போட்டு இணைத்தேன். பார்த்தால் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு இலை மாதிரி இருந்தது. எல்லாம் இருக்கிறது, எதற்காக வந்தோம் என்பதுதான் இல்லை.

வெளிநாட்டுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தனியாக ரயிலேறினேன். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி போனால் 1 அடி உயரம். அந்தப் பல்லமைப்பைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ்காரர். பழைய நீராவி என்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை. நான் பார்க்கப் போகிற நாடு 1899-லேயே குன்னூர்வரை ஏறி வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. பெட்டி நிறையக் குடும்பங்கள். "தனியாவா வந்தீங்க?" என்ற கேள்விக்கு அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான்: "அப்படின்னா கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்கார்றீங்களா, குழந்தைக்கு ஜன்னல் வேணுமாம்." தனியாளுக்கு இடம் சொந்தமில்லை. ஹில்குரோவ் நிலையம் வருவதற்குள் மூன்று முறை மாறினேன். முதல் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை, மலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் அந்தப் பெட்டியில் நான் ஒருத்திதான் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கிளேசியர் எக்ஸ்பிரஸை அடித்தேன். ரயில் பாஸ் வைத்திருந்தாலும் அதில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்யவேண்டும். அகலக் கண்ணாடி ஜன்னலைத் திறக்கவும் முடியாது. அதே பாதையில் சாதாரண உள்ளூர் ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாறி உட்காரலாம். கூர் நகரத்திலிருந்து ஏறும் ஆல்புலா பாதையில், ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்துபோய் நேராகக் குகைப்பாதைக்குள் நுழைகிறது. அதற்கு வலப்பக்கம். பெர்கூன் தாண்டி, நேராகப் போனால் 5 கிலோமீட்டர்தான் உள்ள பிரேடாவுக்கு ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி 12 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே எந்தப் பக்கமும் சரி.

எல்லாம் சரி, எங்கே போகிறேன்? பதில் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடந்தது. ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. அக்கரையில் பண்ணவாடி. 1934-இல் கட்டி முடித்த அணை ஆற்றோர ஊர்களை விழுங்கியது. சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது வெகுவாகக் கீழே இறங்குகிற ஆண்டுகளில், பண்ணவாடியின் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயத்துக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே வரும். சிறுவயதில் பரிசலில் போய் அந்த நந்தியின் முதுகைத் தொட்டிருக்கிறேன். சேறு காய்ந்து வெடித்திருந்தது.

வரைபடத்தில் சுவிஸ் எல்லையைத் தடவிக்கொண்டிருந்தபோது, இத்தாலியின் தென் டிரோலில் ஒரு ஏரி நடுவே தேவாலயத்து மணிக்கூண்டு மட்டும் நிற்கும் படத்தைப் பார்த்தேன். ஊர் பெயர் கிரௌன். மின்சாரத்துக்காக 1950-இல் மூழ்கடித்த ஊர். 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் மிச்சம். குளிர்கால இரவுகளில் அதன் மணி கேட்கும் என்று சொல்கிறார்களாம். ஊரை மூழ்கடிக்கும் முன்பே மணிகளை இறக்கிவிட்டார்கள். பண்ணவாடிக்கு அங்கே ஒரு ஒன்றுவிட்ட அக்கா இருப்பது போலிருந்தது.

அதன்பின் மற்றவையெல்லாம் தானாக வரிசையில் வந்தன. அங்கே வசந்தகாலத்தில் ஏரி வற்றியிருக்கும். பனி உருகியதும் நிரம்பும். பள்ளி ஆசிரியையான எனக்கு மே மாதம்தான் விடுமுறை. எங்கள் அணையும் பொதுவாக மே மாதத்தில்தான் வற்றிக் கிடக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கும் முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே டிசம்பரில் கோப்பு தயார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். எனவே சுவிட்சர்லாந்துக்கு ஐந்து இரவு, இத்தாலிக்கு மூன்று. திரும்பும்போது 2,253 மீட்டர் உயரம் ஏறும் பெர்னினா பாதையில் திரானோவுக்கு இறங்கி மிலான். ஊட்டி ரயிலைப் போலப் பல்சக்கரம் அதற்கு இல்லை. 14-க்கு 1 ஏற்றத்தை வெறும் சக்கரத்தை நம்பியே ஏறுகிறது.

கிரௌனுக்கு எந்த ரயில் என்று தேடினேன். ரயில் இல்லை. செர்னெட்ஸ் நிலையத்தில் இறங்கி, மஞ்சள் நிற அஞ்சல் பஸ்ஸில் மலை தாண்டி மால்ஸ். அங்கே இன்னொரு பஸ் மாறி கிரௌன்.

அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் ரெண்டு பஸ்ஸா?" என்று சிரித்தாள். பிறகு அவளே நோட்டை இழுத்து என் பக்கம் தள்ளினாள். "அந்தக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு மொதல்ல எழுது."

எழுதியிருக்கிறேன், முதல் பக்கத்தில்.