கணவன் வாயைக் கட்டிய விதி

1976-ல் நான் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆம்ப்ட்ஹில் பிரபு பட்டம் யாருக்கு என்ற வழக்கு பிரபுக்கள் அவையின் சிறப்புரிமைக் குழு முன் வந்தது. 1881-ல் ராஜதந்திரி ஓடோ ரஸ்ஸலுக்குத் தரப்பட்ட பட்டம் அது. அவர் மகன் 1900 முதல் 1906 வரை மெட்ராஸ் கவர்னர். மோதியவர்கள் அந்தக் கவர்னரின் இரு பேரன்கள்.

வில்லங்கம் 1921-லேயே தொடங்கிவிட்டது. கவர்னரின் மகன் ஜான் ரஸ்ஸலின் மனைவி கிறிஸ்டபெல், ஜெஃப்ரியைப் பெற்றார். தாங்கள் கூடியதே இல்லை, குழந்தை தன்னுடையதல்ல என்று ஜான் விவாகரத்துக் கேட்டார். கன்னிமை குலையாமலே அந்தப் பெண் கருவுற்றிருந்தார் என்றது மருத்துவச் சாட்சியம். அதையே தன் கற்புக்கு ஆதாரமாக்கினார் அவர். முதல் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை. 1923-ல் இரண்டாவது ஜூரி கணவனை நம்பியது.

1924-ல் பிரபுக்கள் அவை நீதிபதிகள் ஐவரில் மூவர் அதைக் கவிழ்த்தார்கள். மணவாழ்வில் பிறந்த குழந்தைக்கு எதிராக ‘நாங்கள் கூடவில்லை’ என்று கணவனோ மனைவியோ சாட்சி சொல்லக் கூடாது என்ற 1777-ம் ஆண்டு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். படுக்கையறையில் நடந்தது தெரிந்த இருவர் வாயையும் கட்டிவிட்டு உண்மையைத் தேடச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று படிக்கும்போது கொதித்தேன். ஆனால் தன் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாத இரண்டு வயதுப் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், பெற்றவர்கள் சண்டையில் அதன் பெயர் கெடாமல் காக்க வேறு வேலி அன்று இல்லை. நம் 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ம் பிரிவும் இந்தக் கவலையில் பிறந்ததுதான். அதிலும், கூட வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க ஒரு கதவு திறந்தே இருந்தது.

1926-ல் ஜெஃப்ரி முறைப்படி பிறந்த மகனே என்று நீதிமன்றம் அறிவித்தது. பழைய விதியை 1949-ல் சட்டமே ஒழித்தது. அறிவிப்பு மட்டும் அப்படியே நின்றது. ஜானுக்குப் பின்னொரு மணத்தில் 1950-ல் இன்னொரு மகன் பிறந்தார். 1973-ல் ஜான் இறந்ததும் பட்டம் தனக்கே என்றார் அந்த இளையவர். ரத்தப் பரிசோதனை வழக்கத்துக்கு வந்துவிட்ட காலம். ஆனாலும் மோசடியால் பெற்றதாகக் காட்டாதவரை 1926 தீர்ப்பு எல்லாரையும் கட்டும் என்றது குழு; வழக்கு ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும் என்பது குழுவில் இருந்த நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் பிரபுவின் வாதம். சட்டப்படி மறுக்க முடியாத வாதம்தான். இருந்தும், தான் பிறப்பதற்கு 24 ஆண்டு முன்பே, தான் இருந்திருக்கவே முடியாத விசாரணையில் தோற்றுப்போன அந்த இளையவரிடம் இதை எந்த வக்கீல் விளக்குவது?

ஜெஃப்ரி நான்காவது ஆம்ப்ட்ஹில் பிரபு ஆனார். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை அவையிலிருந்து வெளியேற்றியபோதும் அவர் இருக்கை போகவில்லை. இம்முறை பிறப்பை யாரும் கேட்கவில்லை, வாக்கெடுத்தே வைத்துக்கொண்டார்கள்.