ஒரே வீட்டில் மூன்று வயிறுகள்

எங்கள் குடும்பத்தில் 'அல்சர்' என்றாலே பெரியப்பாவின் வயிற்றில் இருக்கும் நீளத் தழும்புதான் ஞாபகத்துக்கு வரும். அவர் லாரி ஓட்டியவர். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, டீயும் பீடியும்தான். 1980-களில் அவருக்கு வந்தது வெறும் வயிற்றுவலி இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி ராத்திரி வாந்தியில் அப்படியே வெளியே வரும். வாந்தி எடுத்தால்தான் நிம்மதி. ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பையும் சிறுகுடலும் சேரும் இடத்தில் புண் வருவதும் ஆறுவதுமாக இருந்து, தழும்பு இறுகி, வழியே அடைத்துவிட்டது என்றார் டாக்டர். வயிற்றைத் திறந்து, அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் புதுப் பாதை போட்டுத் தைத்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அது சர்வசாதாரணமான ஆபரேஷன். பெரியப்பா பிழைத்துக்கொண்டார்.

இன்று அந்த ஆபரேஷன் அரிதாகிவிட்டது. ரானிடிடின், ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் வந்தது ஒரு காரணம். இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டறிந்த உண்மை. அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியபோது, 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமியே முக்கியக் காரணம் என்றார்கள் அவர்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இப்போது இரண்டு வார மாத்திரையிலேயே பெரும்பாலும் கிருமி ஒழிந்துவிடுகிறது.

ஆனால் அல்சர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஆளை மாற்றிக்கொண்டது.

என் அத்தைக்கு 68 வயது. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை. அதோடு இதயத்துக்காக ஆஸ்பிரின். ஒருநாள் தலைசுற்றி விழுந்தார். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் வலியே இல்லையாம்! வலி மாத்திரையால் வரும் புண் பல நேரம் அப்படித்தான் என்றார் டாக்டர். எண்டோஸ்கோப்பி வழியாகவே ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். கத்தி படவில்லை, ரத்தம் மட்டும் ஏற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது சித்தப்பா. பெரியப்பாவுக்கு இருந்த அதே வாந்தி, அதே இளைப்பு. "அண்ணனுக்கு வந்ததுதான், ஒரு ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்" என்று அவரே தைரியமாகச் சொன்னார். டாக்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "இப்போ இந்த வயசுல இப்படி அடைப்பு வந்தா, கேன்சரான்னு பார்க்காம விடக் கூடாது" என்று சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. கஞ்சி குடிக்கிறார், கிரிக்கெட் பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் பழைய அல்சர் கதை ஒன்று இருக்கலாம். அதை வைத்து இன்றைய நோயை எடை போடாதீர்கள். முன்தினம் சாப்பிட்டது வாந்தியில் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ ஜெலுசில் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களின் மாத்திரை டப்பாவையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.