மெட்டாசெக்கோயா வளர்க்கும் கைகள்

ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்க்கும் சில மரங்களும் அவ்வினத்தில் உண்டு. லார்ச், சதுப்பு சைப்ரஸ் ஆகியவற்றோடு மெட்டாசெக்கோயாவும் அச்சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. 1941இல் ஜப்பானியத் தொல்தாவர அறிஞர் ஷிகெரு மிகி புதைபடிவங்களை மட்டும் கொண்டு இப்பேரினத்தை விவரித்தபோது, அது என்றோ அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. சில ஆண்டுகளில் நடுச் சீனத்தில் உயிருள்ள மரங்கள் கண்டறியப்பட்டு, 1948இல் ஹூ சியன்சுவும் செங் வான்சுன்னும் அச்சிற்றினத்துக்குப் பெயரிட்டனர். விதை சேகரிக்கப் பாஸ்டனின் அர்னால்டு மரத்தோட்டம் அனுப்பிய தொகை 250 டாலர்; 1948 ஜனவரியில் வந்த அவ்விதைகள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பகிரப்பட்டன.

இந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. மரத்தைத் தோட்டந்தோறும் கொண்டுசேர்த்த நாற்றங்கால் தொழிலாளரின் கைத்திறனோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அமெரிக்க நாற்றங்கால்களில் இவ்வேலையைச் செய்வோரில் கணிசமானோர் மெக்சிகோவிலிருந்து பருவகால அனுமதியில் வருபவர்கள். தனித்து நிற்கும் மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுறும்போது விதைகளில் பெரும்பகுதி பதராகிவிடுவதால், போத்து நடுவதே, அதாவது கிளைத்துண்டை வேர்விடச் செய்வதே, இங்கு வழக்கம். பொன்னிற இலை கொண்ட ‘ஓகன்’ போன்ற தேர்ந்த வகைகளை அவற்றின் இயல்பு மாறாமல் பெருக்கவும் விதை உதவாது.

கோடையில் எடுக்கும் இளந்தண்டின் அடிப்பகுதி இலைகளை விரலால் உருவி, வேர் ஊக்கிப் பொடியில் தோய்த்து, மணலும் பெர்லைட்டும் கலந்த தட்டில் ஊன்றி, நுண்ணிய நீர்த்திவலை இடைவிட்டுத் தெளிக்கும் அறையில் வைக்கின்றனர். துண்டைத் தேர்வதில்தான் அனுபவம் தெரியும். மெட்டாசெக்கோயாவின் இலைகளைத் தாங்கும் மென்சிறுகிளைகள் பல, இறகு போன்ற வடிவத்தோடு, இலையுதிர்காலத்தில் செம்பு நிறமேறி இலையோடு சேர்ந்தே விழுந்துவிடுபவை. மொட்டற்ற அத்தகைய சிறுகிளையை நட்டால் மரம் கிடைக்காது. தேர்ந்த தொழிலாளி தண்டைத் திருப்பிப் பார்த்து, எதிரெதிரே அமைந்த மொட்டுகள் உள்ள நிலைத்த கிளையை மட்டுமே வெட்டுகிறார். சதுப்பு சைப்ரஸில் இலைகள் மாறி மாறி அமைவதால், இரண்டையும் பிரித்தறியவும் இதே பார்வை போதும்.

வேரூன்றிய கன்று ஈரமான, வெயில்படும் மண்ணில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரைகூட உயர்கிறது. குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் கன்றைப் பட்டுப்போனதாக எண்ணி வாங்கியவர் பிடுங்கிவிடக்கூடும் என்பதால், பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டுவது விற்பனையிடத்தில் பயனுள்ள பழக்கம்.

கவாத்து, அதாவது கிளைகளைக் கழிக்கும் வேலை, இம்மரத்தில் சர்ச்சைக்குரியது. முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதி அகன்று, வரிவரியாகப் பள்ளமும் மேடும் கொண்டு, ஒவ்வொரு கிளையின் கீழும் கக்கம் போன்ற குழிவோடு அமைவதே இதன் அழகு. தாழ்ந்த கிளைகளை நீண்டகாலம் விட்டுவைத்த மரங்களில் அவ்வமைப்பு நன்கு உருவாகிறது. நடைபாதையோரம் நடுவோர் இளமையிலேயே வழுவழுப்பான நெட்டைத் தண்டு கேட்கும்போது, கீழ்க்கிளைகளை வெட்டிக் கொடுப்பது வணிகத்துக்கு ஏற்றதேயாயினும், வாங்கியவர் இழப்பது எதை என்பது இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே தண்டில் தெரியவரும்.