'வட்டாரங்கள்' சொன்ன கணக்கும் சித்தப்பா பார்த்த கணக்கும்

காலை 7 மணி ஷிஃப்ட். முதல் டீயைக்கூட முடிக்கவில்லை. ரிப்போர்ட்டர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. 'நகைக்கடையில் ஐ.டி ரெய்டு. ஓனர் வீட்டிலும் சோதனை.' கடையின் பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சித்தப்பா 18 வருடங்களாகக் கணக்கு எழுதும் கடை அது.

இது நடந்து மூன்று வருடங்கள் இருக்கும். இதழியல் டிப்ளமோ முடித்து, வேறொரு செய்தித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். டெஸ்க் பொறுப்பாளரிடம், "எங்க சித்தப்பா அங்கதான் சார் வேலை பார்க்கிறார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ உள்ள இருந்து ஏதாச்சும் தகவல் கிடைக்குமா?" என்று கேட்டார்.

உள்ளே இருந்து எதுவும் கிடைக்கவில்லை. வெளியே இருந்து கிடைத்தது. காலை 10.40-க்கு யாரோ ஃபார்வேர்டு செய்த நாலு வரி. '20 கிலோ தங்கம், 8 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியதாகத் தகவல்.' யார் சொன்னது என்று கேட்டேன். "வட்டாரங்கள்னு போடும்மா. மத்தவங்க எல்லாம் போட்டாச்சு" என்றார்கள்.

போட்டேன். எங்கிருந்தோ எடுத்த தங்க பிஸ்கட் படத்தை வைத்து, கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, 'வருமான வரித்துறை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று முடித்தேன். அன்று எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்த செய்தி அதுதான். குரூப்பில் கட்டைவிரல் படங்கள் குவிந்தன. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

மதியம் சித்தி போன் செய்தார். "நீங்க போட்டிருக்கிற நியூஸ் நிஜமா பாப்பா? சித்தப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?"

அந்தச் செய்தியை எழுதியவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சித்தப்பா இரண்டு இரவுகள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். உள்ளே நடந்ததை அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சொன்னார். எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். தட்டுத் தட்டாக நகைகளை எடைபோட்டுக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். பில் போடாமல் 'எஸ்டிமேட்' சீட்டில் நடந்த விற்பனை கொஞ்சம் மாட்டியது. "தப்பு இருந்துச்சும்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதலாளி அதுக்கு வரியும் அபராதமும் கட்டினார்" என்றார்.

"அப்போ அந்த 20 கிலோ?"

"கடை சரக்கு. எடைபோட்டுக் குறிச்சுக்கிட்டு அங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. ரொக்கம் 31 லட்சம். எண்ணும்போது பக்கத்துல நின்னவன் நான். 8 கோடியை உங்க பேப்பர்லதான் பார்த்தேன்."

சித்தப்பா அந்தக் கடையின் ஆள். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னை திரும்பியதும் சட்டத்தைப் படித்தேன். செய்தி எழுதுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

அப்போது நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சோதனைக்கான பிரிவாக இருந்தது 132. நகைக்கடையின் வியாபாரச் சரக்கைப் பறிமுதல் செய்யக் கூடாது, பட்டியல் மட்டுமே எடுக்கலாம் என்று 2003-ல் அதில் திருத்தம் வந்திருக்கிறது. நகைக்கடைக்குள் தங்கம் 'சிக்கியது' என்று எழுதுவது, அரிசி மண்டியில் அரிசி சிக்கியது என்று எழுதுவது போலத்தான். சோதனை முடிந்ததும், அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பஞ்சநாமா தயாராகும். எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று அதில் இருக்கும். சம்பந்தப்பட்டவருக்கும் ஒரு நகல் கொடுப்பார்கள். உண்மையான எண் ஒரு தாளில் இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை.

மத்திய நேரடி வரிகள் வாரியம் சோதனைகளைப் பற்றி அறிக்கை வெளியிடும்போது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. 2023 பிப்ரவரியில் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் பி.பி.சி அலுவலகங்களுக்கு அதிகாரிகள் போனார்கள். மூன்று நாள்கள் உலகமே பேசியது. அதன்பிறகு வந்த வாரியத்தின் அறிக்கையில் பி.பி.சி என்ற பெயர் இல்லை. அங்கு நடந்தது 133ஏ பிரிவின் கீழ் நடக்கும் 'ஆய்வு'. ஆய்வில் பணத்தையோ நகையையோ பறிமுதல் செய்ய முடியாது. ஆனால், பல தலைப்புகளில் அது 'ரெய்டு' என்றே வந்தது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால், பெயரோடும் தொகையோடும் முதல் நாளே வரும் தகவல் எங்கிருந்து வருகிறது? அரசு தடை செய்த வரித் தகவலை வெளியே விடும் அரசு ஊழியருக்கு 6 மாதம் வரை சிறை என்றது அதே சட்டத்தின் 280-வது பிரிவு. ஆனால், வழக்குத் தொடரவே மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். கசியவிட்டவருக்கு எந்தக் கவலையும் இல்லை. 'வட்டாரங்கள்' என்று எழுதிவிட்டால் எங்களுக்கும் இல்லை.

தகவல் கசிவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைக்க நினைப்பதை யாரோ ஒருவர் ரிஸ்க் எடுத்துச் சொல்வதால்தான் பல ஊழல்கள் வெளியே வந்திருக்கின்றன. அதில் ஆதாரம் சொன்னவரின் பெயரை மறைப்பது எங்கள் கடமை. ஆனால், சோதனை நடக்கும்போதே வரும் நாலு வரி வேறு ரகம். அதிகாரம் இருப்பவர் எதை வெளியே சொல்ல விரும்புகிறாரோ, அதுதான் அங்கே கசிகிறது. இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

செய்தி வந்த மூன்றாம் நாள் கடை ஷட்டரைத் திறந்தபோது வாசலில் கூட்டம். நகை வாங்க வந்தவர்கள் இல்லை. மாதம் 500, 1,000 என்று 11 மாத நகைச்சீட்டு கட்டியவர்கள். "கடையை மூடப்போறாங்களாமே, எங்க காசைக் குடுங்க" என்று போனை நீட்டியிருக்கிறார்கள். அந்த போனில் இருந்தது நான் செய்த தங்க பிஸ்கட் படம். கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்ததில் கடையின் கைமுதல் கரைந்தது. 22 பேர் வேலை பார்த்த இடத்தில் 13 பேர் ஆனார்கள். சித்தப்பாவுக்கு வேலை போகவில்லை. சம்பளம் பாதியானது. தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு சித்தியின் வளையல் அடகுக்குப் போனது.

அன்று இரவு மொட்டை மாடியில் வைத்து, "அந்த நியூஸை எழுதினது நான்தான் சித்தப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "நீ எழுதலைன்னா வேற யாராச்சும் எழுதியிருப்பாங்க. அது பரவாயில்லை. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கூட வந்து கேட்கலையேம்மா."

திரும்பி வந்ததும் தொடர்ச்சியாக ஒரு செய்தி எழுதலாமா என்று கேட்டேன். "பழைய மேட்டர், யார் படிப்பாங்க?" என்றார்கள். திருத்தமாவது போடலாமே என்றேன். "பார்க்கலாம்" என்றார்கள். நான் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் இன்றும் முதலில் வருவது அந்தச் செய்திதான்.

இப்போது என் மேஜையில் ஒரு டைரி இருக்கிறது. எங்கே சோதனை நடந்தாலும் தேதியைக் குறித்துக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து அந்த நிறுவனத்துக்கும் துறைக்கும் போன் செய்து, என்ன ஆனது என்று கேட்கிறேன். பாதி பேர் பேச மறுக்கிறார்கள். மேல்முறையீட்டிலேயே வருடக்கணக்கில் நிற்கும் கணக்குகளும் இருக்கின்றன. கிடைத்ததை எழுதுகிறேன். அவற்றைப் படிப்பவர்கள் குறைவுதான்.

இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சித்தப்பாவிடம் சொன்னேன். "கடை பேரைப் போடட்டுமா? நடந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன்.

"வேண்டாம்மா. பேரைப் பார்த்தா மறுபடியும் அந்தப் பழைய நியூஸைத்தான் தேடிப் படிப்பாங்க. இப்பதான் சீட்டு கட்ட நாலு பேர் வர ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.