பன்னிரண்டு வாடகை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பெக் கியோ உணவங்காடியில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, என் அண்ணன் மகன் வழவழப்பான விளம்பரத்தாள் ஒன்றை மேசைமேல் விரித்து, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கூட்டுரிமை வீடு விலைக்கு வந்திருப்பதாகவும், விலை 1.2 மில்லியன் வெள்ளி என்றும், மாதம் 3,600 வெள்ளி வாடகைக்குத் தரகர் உறுதி சொல்வதாகவும், ஆக ஆண்டுக்கு 43,200, நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் லாபம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "என்ன சித்தப்பா, வாங்கலாமா?" என்றான்.

அந்தத் தாளில் பேனா மை ஒட்டவில்லை. ஒரு கடை ரசீதின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன்.

வாடகை வீட்டு விஷயத்தில் முதல் பிரமை, பன்னிரண்டால் பெருக்குவது. பன்னிரண்டு வாடகையும் கைக்கு வந்த வருஷங்கள் உண்டு. அவற்றை நம்பிக் கடன் வாங்கலாகாது. ஓவன் ரோட்டுப் பக்கம் நான் சில காலம் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தபோது, குடியிருந்தவர் காலிசெய்து போன பின், அவர் படம் மாட்டிய ஆணித் துளைகளை அடைத்து, வெள்ளையடித்து, பழுதான சலவை இயந்திரத்தை மாற்றி, அடுத்தவர் வந்து சேர்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. வீடு சும்மா கிடக்கிறதே என்று வங்கித் தவணையோ பராமரிப்புக் கட்டணமோ எள்ளளவும் தாட்சண்யம் காட்டவில்லை. புதிதாக வந்தவரும், குளிரூட்டியிலிருந்து கட்டில்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு, நனைந்த மெத்தையின் படத்தோடு செய்தி அனுப்பினார்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று கொண்டு, பதினொரு மாதத்துக்கு 39,600 என்று எழுதினேன். ஈராண்டு ஒப்பந்தமென்றால் தரகருக்கு ஒரு மாத வாடகை என்பது இங்கே வழக்கம், ஆண்டுக்கு 1,800. பராமரிப்புக் கட்டணம் மாதம் 350 வீதம் 4,200. பழுதுபார்க்க 1,500, அதுவும் குறைத்துப் போட்டதுதான். பலரும் மறந்துவிடுவது சொத்து வரி. தானே குடியிருப்பவரைவிட வாடகைக்கு விடுபவர் அதிகம் செலுத்தவேண்டும்: ஆண்டு மதிப்பில் முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000 வெள்ளிக்கு 20 விழுக்காடு என்று அது படியேறும். மதிப்பு 36,000 என்று கொண்டால் வரி 4,800. எல்லாம் போக மிஞ்சியது 27,300 வெள்ளி; கடன் வட்டியும் வருமான வரியும் இனிமேல்தான்.

அவனுக்கு ஏற்கெனவே வீவக வீடு இருக்கிறது. 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் வாங்கும் இரண்டாம் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு, அதாவது 240,000 வெள்ளி. வழக்கமான முத்திரை வரி 32,600 தனி. இவற்றையும் முதலோடு சேர்த்துப் பார்த்தால் வருமானம் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்கோ 2.5 விழுக்காடு வட்டி கிடைக்கிறது.

சற்று நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "விலை ஏறுமே, சித்தப்பா?" என்றான்.

ஏறலாம். ஏறாமலும் போகலாம்; 2025 ஜூலை 4-க்குப் பின் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவருக்கும் முத்திரை வரி உண்டு, முதல் ஆண்டில் அது 16 விழுக்காடு. விலை ஏற்றத்தை நம்பி வாங்குவதைப் பந்தயம் என்று ஒப்புக்கொண்டு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் பெயரும்வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம் அல்லவா ஃபேரர் பார்க், ரேஸ் கோர்ஸ் ரோடு இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஆனால் அதை வாடகை வருமானம் என்று சொல்லக்கூடாது. கூடுதல் முத்திரை வரியாகக் கட்டிய பணத்தை மட்டும் மீட்பதற்கே, அந்த வீட்டின் நிகர வாடகைக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டு பிடிக்கும்.