நாளைய மழையும் நாளைய தலைமுறையும்

"நாளைக்கு மழை வருமான்னு சரியாச் சொல்லத் தெரியல. ஐம்பது வருஷம் கழிச்சு பூமி எவ்வளவு சூடாகும்னு சொல்றாங்களாம்!" என்பார் என் நடைப்பயிற்சி நண்பர். நியாயமான சந்தேகம்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆயுள் காப்பீட்டுத் துறையில் குப்பை கொட்டியவன் நான். எதிரே உட்கார்ந்து பாலிசி எடுப்பவர் எத்தனை வயது வரை இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதே வயதுக்காரர்கள் லட்சம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் போய்ச் சேருவார்கள் என்று அட்டவணை சொல்லிவிடும். பிரீமியம் போடுவதே அதை வைத்துத்தான். நாளைய மழை தனி மனிதர் மாதிரி. காலநிலை அந்த அட்டவணை மாதிரி.

2021-இல் இயற்பியல் நோபல் பரிசு இப்படிப்பட்ட சிக்கலான அமைப்புகளை ஆராய்ந்த மூவருக்குக் கிடைத்தது. ஒழுங்கே இல்லாதது போலத் தெரியும் பொருள்களுக்குள்ளும் விதிகள் ஒளிந்திருப்பதைக் காட்டியவர் இத்தாலியின் ஜார்ஜோ பரீசி. மற்ற இருவரும் காலநிலைக்காரர்கள்.

ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த சுகுரோ மனாபே, கரியமில வாயு இரட்டிப்பானால் பூமியின் வெப்பம் சுமார் 2.3 டிகிரி கூடும் என்று சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1967-இலேயே கணக்கிட்டார். அப்போது நான் அரைக்கால் சட்டை போட்ட பள்ளிச் சிறுவன்!

ஜெர்மனியின் கிளாஸ் ஹாசல்மான் 1976-இல் இன்னொன்றைச் சொன்னார். தினசரி வானிலையின் சின்னச் சின்னத் தள்ளல்களைக் கடல் மெதுவாகச் சேர்த்து வைக்கிறது. அதனால் வெளிக்காரணம் இல்லாமலே வெப்பம் சில காலம் ஏறும், சில காலம் இறங்கும்.

அப்படியானால் இப்போதைய ஏற்றமும் தானாக வந்ததுதானோ? இல்லை. ஒவ்வொரு காரணமும் தன் கைரேகையை விட்டுச் செல்லும். அதைப் பிரித்தறியும் வழியையும் ஹாசல்மானே வகுத்தார். சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடாகும், உயரத்தில் குளிரும். அளந்து பார்த்ததில் தெரிவது இரண்டாவதுதான்.

1958-இல் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

அட்டவணை மாறினால் காப்பீட்டுக்காரன் உடனே பிரீமியத்தை மாற்றுவான். அடுத்து யார் போவார் என்று தெரியட்டும் எனக் காத்திருக்க மாட்டான். நாம் காத்திருந்தால், விடுபட்ட தவணைகளை வட்டியோடு கட்டப்போவது நம் பேரப்பிள்ளைகள்.