ஏரிக்கரையில் மெல்ல நடப்போம்

பிழைப்பை நாடி வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு உத்தியோகம், வீட்டு வாடகை, குழந்தைகளின் படிப்பு எனக் கவலைகள் பல. இவற்றின் நடுவே, ஊரிலிருந்து அழைத்து வந்த பெற்றோரின் பகற்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திண்ணையும் கோயில் பிராகாரமும் பழகிய கால்களுக்கு இங்கே மாடி அறையும் ஒரு சாளரமுமே உலகமாகிவிடுகின்றன. குளிர்காலம் வந்தாலோ அந்தச் சாளரமும் அடைபட்டுப் போகிறது.

கொல்கத்தாவின் தென்பகுதியில் வசிக்கும் நாங்கள் சில குடும்பத்தினர், மார்கழி தை மாதங்களில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முதியோரை ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்டார் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கிய ஏரி இது. முன்னர் டாக்குரியா ஏரி என வழங்கிய இதற்கு 1958-இல் கவி தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். பாதை பெரும்பாலும் சமதளமாதலின் முழங்கால் வலியுள்ளோர்க்கு ஏற்றது.

விடியுமுன் நாங்கள் புறப்படுவதில்லை. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தங்கிவிட, நகரத்துப் புகை முழுவதும் பனியோடு கலந்து தாழ நிற்கும். வெயில் ஏறினால்தான் அது கலையும். மேலும், குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும். ஆகவே இருதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே வருதல் நன்று. கம்பளிக் குல்லாயும், காலுறையும், வழுக்காத செருப்பும் வேண்டும். குளிரில் தாகம் தோன்றாவிடினும் வெந்நீர் அவசியம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே அவர்களுக்கு உரிய வேகம்.

ரயில்வே குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எங்களுக்கு இந்நடையைப் பாசஞ்சர் வண்டிக்கு ஒப்பிடத் தோன்றுகிறது. பெஞ்சுகள் எல்லாம் ஸ்டேஷன்கள்; ஒன்றையும் விடாமல் நிற்போம். விரைந்து ஓடிவரும் இளைஞர்கள் மெயில் வண்டிகள். அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவோம். ஏரியை முழுதும் சுற்றியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்வதையும், படகுச் சங்கத்துப் பிள்ளைகள் துடுப்பு வலிப்பதையும் பார்த்து அமர்ந்திருப்பதும் எங்கள் கணக்கில் நடையே.

எங்கள் தாயார் தந்தையாரின் மறைவுக்குப் பின் இங்கு வந்தவர். ஹவுராவுக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அத்தூரத்தை ஒவ்வொரு மாலையும் அவர் மனத்தால் கடந்துகொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து திரும்பியதும், "பாஸ் எழுதியாச்சாப்பா?" என்பதே முதற்கேள்வி. ஊரிலோ வீடு பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. அனுப்பவும் மனமில்லை, தடுக்கவும் நாவில்லை.

ஏரிக்கரைக்கு வந்த மூன்றாம் ஞாயிறன்று, ஒரு வங்காளத்து மூதாட்டி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, "திதி" என்று அழைத்தார். அக்காள் என்பது பொருள். எழும்போது தாயாரின் முழங்கையைத் தாங்கி, "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள் என்று நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாயார் கற்ற முதல் வங்காளச் சொல் அதுவே. இப்போது மாடிப்படியில் பேரன் துள்ளி ஓடினாலும் "ஆஸ்தே" என்றே அதட்டுகிறார். அடுத்த வாரம் அந்த அம்மையார் புது ஈச்சவெல்லம் கொண்டு வந்தார். நாங்கள் எள்ளுருண்டை கொண்டு போனோம். இருவரும் அவரவர் மொழியிலேயே பேசுகின்றனர், பேச்சு நிற்பதில்லை.

பாஸைப் பற்றிய கேள்வி இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால், "ஞாயிறு கழியட்டும்" என்றொரு சொல் அதனோடு சேர்ந்திருக்கிறது. தை பிறந்த பின் அவர் ஊருக்குப் போகவே விரும்பினால், உடன் சென்று விட்டு வருவோம். தனியறையில் வாடிச் சலித்துப் போகாமல், இங்கும் தமக்கு ஓர் இடமுண்டு என்று அறிந்து போவாராயின் அதுவே எங்களுக்கு ஆறுதல்.

வாசக அன்பர்களே! ஜாம்ஷெட்பூரில் ஜுபிலி பூங்கா ஏரியும், போபாலில் பெரிய ஏரியும், சண்டிகரில் சுக்னா ஏரியும் இருக்கின்றன. ஏரியில்லாத ஊரில் ஒரு பூங்காவேனும் இருக்கும். வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு முன்னே நடக்க வேண்டாம். பக்கத்தில் நடந்தால் போதும்.